ஃபைன் என்றால் நலமா, அபராதமா?

எப்படி இருக்கீங்க என்று கேட்டால் ஃபைன் என்கிறோம். நூலகப் புத்தகத்தைத் தவணை தாண்டித் திருப்பிக் கொடுத்தால் ஃபைன் கட்டுகிறோம். முதலாவது நலம், இரண்டாவது தண்டனை. ஆங்கிலம் படிக்காதவர் பேச்சில்கூட இரண்டும் வந்துபோகின்றன, ஆனால் இரண்டுக்கும் ஒரே ஒலி என்பது யாரையும் உறுத்துவதில்லை. ஏதோ தற்செயலாக உச்சரிப்பு ஒன்றாகிப்போன இரண்டு தனிச்சொற்கள் என்று நினைத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறோம். அப்படி நினைப்பதில் நியாயமும் இருக்கிறது, ஏனென்றால் ஆங்கிலத்தில் அந்த மாதிரி ஜோடிகள் நிறைய. கனமில்லாத லைட்டுக்கும் வெளிச்சம் தரும் லைட்டுக்கும் வேர் வேறு. கஞ்சத்தனத்தைச் சொல்லும் மீனுக்கும் கணக்கில் சராசரியைச் சொல்லும் மீனுக்கும் ரத்த சம்பந்தம் கிடையாது (தண்ணீரில் நீந்தும் நம்முடைய மீன் தனிக்கதை).

ஃபைன் அப்படி இல்லை. நலம் சொல்கிற ஃபைன், பணம் வசூலிக்கிற ஃபைன், பொடியை ஃபைனாக அரை என்கிற ஃபைன், கிரிக்கெட்டில் ஃபைன் லெக் என்கிற ஃபைன், நாலும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். அகராதிகள் இவற்றுக்கு ஒன்று, இரண்டு என்று எண் போட்டுத் தனித்தனிப் பதிவாக வைத்திருப்பதால் உறவு கண்ணில் படாமல் போகிறது. அந்த எண்ணை அழித்துவிட்டுப் பார்த்தால் ரொம்ப சுவாரசியமான குடும்பம்.

தாய் லத்தீனில் இருக்கிறது. ஃபீனிஸ். அதற்கு எல்லை என்று பொருள், முடிவு என்றும் பொருள். நிலம் எங்கே முடிகிறதோ அது எல்லை, ஆக இரண்டும் ஒன்றுதான். இதன் பன்மையை ஒரு நாட்டின் பரப்புக்கே பெயராகவும் சொன்னார்கள். ஜூலியஸ் சீசரின் போர்க்குறிப்புகளில் இன்ன குடியின் எல்லைக்குள் படை நுழைந்தது என்று வரும் இடங்களில் இந்தச் சொல்தான் திரும்பத் திரும்ப வரும். ஃபைனல், ஃபினிஷ் இரண்டும் இதன் பிள்ளைகள் என்று சொல்லவே வேண்டாம். டிஃபைன் என்பதும் இதன் பிள்ளைதான், ஒன்றைச் சுற்றி எல்லை வரைவது. நாமும் அதற்கு வரையறை என்றுதான் சொல்கிறோம், அதாவது கோடு போட்டு நிறுத்துவது. கன்ஃபைன் என்றால் எல்லைக்குள் அடைப்பது. அஃபினிட்டி என்பதில் இருப்பது எல்லையை ஒட்டி இருப்பவர். லத்தீனில் அது அண்டை நிலத்துக்காரரையும் குறித்தது, பெண் கொடுத்து எடுத்த சம்பந்தி உறவையும் குறித்தது. இந்தக் குடும்பத்திலேயே எனக்கு ரொம்பப் பிடித்த கடைக்குட்டி பாரஃபின். 1830இல் கார்ல் ஃபான் ரைஹென்பாக் என்ற ஜெர்மன் வேதியியலர் அந்த மெழுகைப் பிரித்தெடுத்தபோது அது வேறு எந்தப் பொருளோடும் லேசில் வினைபுரியாமல் சும்மா இருந்தது. அதனால் லத்தீனில் குறைவு என்பதற்கான பரும் என்ற சொல்லையும் ஒட்டுறவு உள்ளவன் என்ற அஃபீனிஸையும் சேர்த்துப் பெயர் வைத்துவிட்டார். மெழுகுவத்திக்குள் உட்கார்ந்திருப்பது யாரோடும் ஒட்டாத ஆசாமி.

மேற்கத்திய இசை பழகுகிறவர்கள் இந்தத் தாயை இன்றைக்கும் நேரில் பார்க்கிறார்கள். இசைத்தாளில் ஒரு வரியின் முடிவில் ஃபைன் என்று படிக்கத் தோன்றும் எழுத்துகள் இருக்கும். அது இத்தாலியச் சொல், ஃபீனே என்று சொல்ல வேண்டும், இங்கே முடித்துக்கொள் என்று பொருள். இந்த இடம் நன்றாக இருக்கிறது என்று யாரோ எழுதி வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டு தொடர்ந்து வாசித்துவிடும் மாணவர்கள் இருக்கத்தான் செய்வார்கள்.

சரி, முடிவு எப்படி அபராதமானது?

இடைக்கால இங்கிலாந்துக்குப் போக வேண்டும். அங்கே ஃபைன் என்பது பேரம். மன்னருடைய கோபத்துக்கு ஆளாகி ஒருவர் சிறையில் கிடக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். விவகாரத்தை இதோடு முடித்துக்கொள்ளலாம், இவ்வளவு தருகிறேன் என்று அவர் ஒரு தொகையைச் சொல்வார், மன்னர் தரப்பு ஏற்றுக்கொண்டால் வெளியே வரலாம். இதை லத்தீன் ஆவணங்களில் ஃபீனெம் ஃபாசெரே என்று எழுதினார்கள், முடிவு செய்துகொள்வது என்று அர்த்தம். எழுத்தளவில் பார்த்தால் அந்தத் தொகை அவராக மனமுவந்து கொடுத்தது, யாரும் கட்டாயப்படுத்தவில்லை. கொடுக்காவிட்டால் உள்ளேயே இருக்கலாம், அவ்வளவுதான்.

மேலிருந்து விதிக்கிற தண்டத்துக்கு அப்போது வேறு பெயர் இருந்தது, அமெர்ஸ்மென்ட். குற்றம் செய்தவர் மன்னரின் மெர்சிக்கு, அதாவது கருணைக்கு, உட்பட்டவராகிவிட்டார் என்பதால் அந்தப் பெயர். கருணை என்ற சொல்லிலிருந்து தண்டம் பிறந்ததை நினைத்தால் சிரிப்பாக வருகிறது. இங்கிலாந்தின் ஜான் மன்னர் ஒப்புக்கொண்ட உரிமைச் சாசனமான 1215இன் மாக்னா கார்ட்டாவில் 55ஆவது பிரிவைப் பார்த்தால் இரண்டையும் தனித்தனியாகவே சொல்லியிருப்பார்கள்: மன்னரோடு அநியாயமாகச் செய்துகொள்ள நேர்ந்த ஃபைன்கள், அநியாயமாக விதிக்கப்பட்ட அமெர்ஸ்மென்ட்கள், இரண்டும் ரத்து. பிறகு நாளாக ஆகப் பேரம் பேசுகிற பழக்கம் தேய்ந்து, விதிக்கிற தொகைக்கும் ஃபைன் என்றே பெயர் வந்துவிட்டது. அமெர்ஸ்மென்ட் வழக்கறிஞர்களின் பழைய புத்தகங்களுக்குள் ஒதுங்கிவிட்டது.

மன்னருக்குத் தருவதாக ஒப்புக்கொண்ட இந்தத் தொகைகளையெல்லாம் தோல் சுருள்களில் ஆண்டுவாரியாக எழுதி வைத்தார்கள். ஃபைன் ரோல்ஸ் என்று பெயர். அதில் குற்றவாளிகள் மட்டும் இருப்பார்கள் என்று நினைக்கக் கூடாது. அப்பா இறந்த பிறகு நிலத்தைத் தன் பெயருக்கு வாங்க மகன் தரும் தொகை இருக்கும். மன்னர் சொல்கிற ஆளை மறுமணம் செய்யாமல் தனியாக இருக்க அனுமதி கேட்டு விதவைகள் தரும் தொகை இருக்கும். எதற்கெல்லாம் மன்னரின் தயவு வேண்டுமோ அதற்கெல்லாம் ஒரு விலை. ஜான் மன்னர் காலத்துச் சுருள் ஒன்றில், 1204ஆம் ஆண்டு, ஹ்யூ டி நெவில் என்ற அரச அதிகாரியின் மனைவி தன் கணவரோடு ஓர் இரவு படுத்திருப்பதற்காக மன்னருக்கு 200 கோழிகள் தருவதாகப் பதிவாகியிருக்கிறது. இது விளையாட்டுக்கு எழுதியதா, அந்த அம்மாளுக்கு நேர்ந்த அவமானமா என்று வரலாற்றாசிரியர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதுவாக இருந்தாலும் அரசாங்கக் கணக்கில் எழுதியிருக்கிறார்கள், கோழிகளை எப்போது ஒப்படைக்க வேண்டும், யார் ஜாமீன் என்பது உட்பட.

நிலத்திலும் இதே சொல் இருந்தது. குத்தகைக்கு நிலம் எடுப்பவர் உள்ளே வரும்போது நிலப்பிரபுவுக்கு மொத்தமாக ஒரு தொகை கொடுப்பார், அதுவும் ஃபைன்தான், அதில் தண்டனை என்ற வாடையே இல்லை. அதைவிட வேடிக்கை நிலம் கைமாறுவதற்குக் கண்டுபிடித்த வழி. வாங்குகிறவர் விற்கிறவர் மேல் ஒரு பொய் வழக்குப் போடுவார். இந்த நிலம் என்னுடையது, இவர் தர மாட்டேன் என்கிறார் என்று. ரெண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டு போடும் வழக்கு. அப்புறம் நீதிமன்றத்திலேயே சமாதானமாகிவிடுவார்கள், அந்தச் சமாதானத்துக்கு அனுமதி தருவதற்கு மன்னருக்குக் கட்டணம் உண்டு. இதுவே இறுதி உடன்படிக்கை என்று தொடங்கும் ஒரு பத்திரம் எழுதப்படும். இறுதி என்ற இடத்தில் லத்தீனில் ஃபீனாலிஸ் இருந்ததால் அந்தப் பத்திரத்துக்கும் ஃபைன் என்றே பெயர். ஒரே தோலில் மூன்று தடவை எழுதுவார்கள், மேலே பக்கத்தில் பக்கத்தில் இரண்டு, அடியில் குறுக்காக ஒன்று. நேர்கோட்டில் வெட்டாமல் அலை அலையாக வெட்டி, மேலே இருக்கும் இரண்டையும் ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டு அடித்துண்டை அரசுக் கருவூலத்தில் வைத்துக்கொள்வார்கள். பின்னால் யாராவது போலிப் பத்திரம் கொண்டுவந்தால் அலை பொருந்துகிறதா என்று சேர்த்து வைத்துப் பார்த்தால் போதும். அடித்துண்டை இப்படிக் காப்பகப்படுத்துவது 1195இல் தொடங்கியது. அந்தத் துண்டுகளுக்கு ஃபைனின் பாதங்கள் என்றே பெயர், ஃபீட் ஆஃப் ஃபைன்ஸ். 1833இல் சட்டம் போட்டு இந்தப் பொய் வழக்கு முறையை ஒழிக்கும் வரை ஆறு நூற்றாண்டுக்கு மேல் இப்படியே ஓடியது. யாருக்கும் அவசரம் இல்லை போலிருக்கிறது.

ஃபைனான்ஸ் என்ற சொல்லும் இதே வழியில் வந்ததுதான். பழைய பிரெஞ்சில் அதற்கு முடித்தல், கடனைத் தீர்த்தல் என்று பொருள். அங்கிருந்து பணம் கொடுத்தல், பிறகு பண நிர்வாகம்.

இந்த இடத்தில் தமிழைக் கவனித்தால் ஒரு ஆச்சரியம் காத்திருக்கிறது. தீர் என்ற வினையை எடுத்துக்கொள்ளுங்கள். தீர்ந்துபோச்சு என்றால் முடிந்துவிட்டது. கடனைத் தீர்க்கிறோம். வழக்குக்குத் தீர்ப்பு வருகிறது. பிரச்சினைக்குத் தீர்வு கிடைக்கிறது. கூட்டத்தில் தீர்மானம் போடுகிறோம். பழி தீர்க்கிறார்கள், ஆளையே தீர்த்துக் கட்டுகிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அரசுக்குக் கட்டும் வரிக்குத் தீர்வை என்று பெயர். ஆயத்தீர்வை என்று இப்போதும் எழுதுகிறோம். ஃபைனலும் ஃபைனான்ஸும் அபராத ஃபைனும் லத்தீனில் எந்த வழியில் நடந்தனவோ அதே வழியில், யாரையும் கேட்காமல், தீர் தமிழில் தானாக நடந்திருக்கிறது. விவகாரத்தை முடிக்கப் பணம் வேண்டும் என்பது எல்லா ஊர் நீதிமன்ற வாசலிலும் ஒன்றுதான் போல. (தீர்த்தத்தை மட்டும் இதில் சேர்த்துவிடாதீர்கள், அது வடமொழியிலிருந்து வந்த வேறு சொல். மீனின் துடுப்பைச் சொல்லும் ஃபின்னையும் ஃபின்லாந்தையும் ஃபீனிஸோடு சேர்க்கக் கூடாது என்பதைப் போல.)

அபராதம் கட்டினேன் என்று சொல்லும்போது நாம் செய்வது இன்னொரு வகைத் தாவல். வடமொழியில் அபராதம் என்றால் குற்றம். குற்றத்தின் பெயர் தமிழில் அதற்குக் கட்டும் பணத்தின் பெயராகிவிட்டது. தண்டமோ முதலில் கோல், பிறகு அந்தக் கோலால் கொடுக்கும் தண்டனை, பிறகு தண்டனையாகக் கட்டும் பணம், கடைசியில் எந்தப் பிரயோசனமும் இல்லாமல் போன எதுவும். அவன் சுத்த தண்டம் என்று ஒருவரைத் திட்டும்போது கோலும் இல்லை, பணமும் இல்லை.

அடுத்தது புகழ்ச்சி. முடிவு எப்படி நல்லதாகும்?

இதற்கும் தமிழிலேயே சாவி இருக்கிறது, ஆனால் வேறு சொல்லில். முற்று. வாக்கியத்தின் முடிவில் வைப்பது முற்றுப்புள்ளி, தொடர்கதையின் கடைசி வாரத்தில் அச்சடிப்பது முற்றும். அதே முற்றுதான் கதிர் முற்றிவிட்டது என்னும்போது முழு வளர்ச்சியைச் சொல்கிறது. ஒன்று இதற்கு மேல் வளர இடமில்லை என்ற புள்ளிக்கு வந்துவிட்டால் அது முடிவும்தான், நிறைவும்தான். லத்தீன் இதே எண்ணத்தில்தான் ஃபீனிஸை உச்சம் என்ற பொருளிலும் வைத்துக்கொண்டது. நன்மைகளின் எல்லை என்றால் அதற்கு மேல் நன்மை கிடையாது, அதுவே தலையாய நன்மை. ரோமானியச் சிந்தனையாளர் சிசரோ கிமு 45இல் இதைப் பற்றியே ஒரு நூல் எழுதினார், தலைப்பிலேயே ஃபீனிபுஸ் என்று இந்தச் சொல் வரும். அந்த நூலைப் படிக்காதவர்கள்கூட அதன் சில வரிகளைப் பார்த்திருப்பார்கள். இணையதளம் வடிவமைக்கும்போது இடம் நிரப்புவதற்காகப் போடும் லோரம் இப்ஸம் என்ற அர்த்தமில்லாத பத்தி அங்கிருந்து பிய்த்து எடுத்துச் சிதைத்ததுதான். முதல் சொல்லான லோரமே வலி என்று பொருள்படும் டோலோரெம் என்ற சொல்லின் தலையை வெட்டிய மிச்சம்.

முடிவு எல்லா மொழியிலும் உச்சமாகத்தான் ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. தமிழிலேயே கடை என்ற சொல் எதிர்த்திசையில் போயிருக்கிறது. கடை என்றாலும் முடிவுதான், ஆனால் தலை, இடை, கடை என்று வரிசை வைத்தால் கடை தாழ்ந்தது. கடையரே கல்லாதவர் என்று வள்ளுவர் சொல்வது அந்தக் கணக்கில். வரிசையை எந்தப் பக்கத்திலிருந்து எண்ணுகிறோம் என்பதுதான் வித்தியாசம்: தலையிலிருந்து இறங்கினால் முடிவு மட்டம், அடியிலிருந்து ஏறினால் முடிவு உச்சம்.

பழைய பிரெஞ்சு ஏறுகிற பக்கத்தை எடுத்துக்கொண்டது. ஃபேன் என்று மூக்கால் ஒலிக்கும் அவர்களுடைய சொல், செய்நேர்த்தியின் உச்சத்தில் இருப்பது, மிக உயர்ந்தது என்ற பொருளோடு 13ஆம் நூற்றாண்டு வாக்கில் ஆங்கிலத்துக்குள் வந்தது. தங்கத்தைச் சொன்னால் கலப்படமே இல்லாத சொக்கத்தங்கம். இந்தப் பொருள் நகைக்கடையில் இன்னும் உயிரோடு இருக்கிறது, தங்கத்தின் தூய்மையை அளப்பதற்கு ஃபைன்னெஸ் என்றே பெயர். ஆயிரம் பங்கில் எத்தனை பங்கு தங்கம் என்று பார்ப்பது. 22 காரட் நகையில் முத்திரையாக இருக்கும் 916 அந்தக் கணக்குதான், 24இல் 22 பங்கு. ரிஃபைன் என்றால் மறுபடி புடம் போட்டு அந்த உச்சத்துக்குக் கொண்டுபோவது.

புடம் போட்டது, சலித்தது, வடிகட்டியது என்று வந்துவிட்டால் அடுத்த அடி எளிது. நன்றாகச் சலித்த பொடி மென்மையாக இருக்கும். கைதேர்ந்தவர் நூற்ற நூல் மெல்லியதாக இருக்கும். தட்டானின் உச்சகட்ட வேலைப்பாடு கண்ணுக்குச் சிறியதாக இருக்கும். இப்படித் தரத்தைச் சொன்ன சொல் மெல்ல மெல்ல அளவைச் சொல்ல ஆரம்பித்தது: மெல்லிய, சிறிய, கூரிய, நுண்ணிய. எதிர்ச்சொல்லாக நிற்கும் கோர்ஸ், அதாவது கரடுமுரடானது, வழக்கமான போக்கு என்ற பொருளுள்ள கோர்ஸிலிருந்தே வந்திருக்க வேண்டும் என்பது அகராதிக்காரர்கள் கருத்து. வழக்கமானது, சாதாரணமானது, ஆகவே மட்டமானது, ஆகவே முரடானது. சாதாரணம் என்பது எவ்வளவு சீக்கிரம் வசையாகிறது பாருங்கள். இதில் நம் பங்குக்கு ஒரு குழப்பம் உண்டு. ஆங்கிலக்காரர் ஃபைனாக அரைக்கச் சொல்லும் இடத்தில் தமிழில் நைசாக அரை என்கிறோம். அந்த நைஸுக்கு லத்தீன் மூலத்தில் ஒன்றும் தெரியாதவன் என்று பொருள்! மடையன், கூச்சக்காரன், தொட்டால் சுருங்கி, நுட்பம், இனிமை என்று அது அலைந்து திரிந்த கதையை எழுதினால் இதைப் போல இன்னொரு பதிவு ஆகும்.

சிறியது என்ற பொருள் வந்த பிறகு ஃபைன் நல்லதாக இருக்க வேண்டிய கட்டாயம் போய்விட்டது. காற்று மாசைப் பற்றிய செய்திகளில் வரும் பிஎம் 2.5 என்பதை அறிவியலில் ஃபைன் துகள் என்கிறார்கள், விட்டம் 2.5 மைக்ரோமீட்டர் அல்லது அதற்கும் குறைவு. 0.1 மைக்ரோமீட்டருக்கும் கீழே போனால் அல்ட்ராஃபைன். பெரிய தூசி மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும், இது நுரையீரலின் அடி ஆழம் வரை போய்விடும். ஃபைனாக இருப்பதே அதன் ஆபத்து. அதேபோல ஒப்பந்தத்தில் ஃபைன் பிரின்ட் என்றால் நேர்த்தியான அச்சு என்று யாரும் மகிழ்வதில்லை, பூதக்கண்ணாடியைத் தேடுகிறோம்.

கிரிக்கெட் ரசிகர்களுக்கு ஃபைன் லெக் எங்கே நிற்பார் என்று தெரியும், ஏன் ஃபைன் என்று கேட்டால் யோசிப்பார்கள். மட்டையாளருக்குப் பின்னால், ஆடுகளத்தின் நடுவே கோடு இழுத்து நீட்டினால், அந்தக் கோட்டோடு குறுகிய கோணத்தில் நிற்பவர். கோணம் மெல்லியது, அதனால் ஃபைன். கோணம் விரிந்து மட்டையாளருக்கு நேர் பக்கவாட்டில் வந்தால் ஸ்கொயர். வர்ணனையாளர் பந்தைக் கொஞ்சம் ஃபைனாகத் தட்டிவிட்டார் என்னும்போது அழகாக ஆடியதாகப் பாராட்டவில்லை, திசையைச் சொல்கிறார்.

இத்தனை பொருள்களையும் ஒரே வாக்கியத்தில் உருட்டி விளையாடிய ஆள் ஷேக்ஸ்பியர். ஹாம்லெட் நாடகத்தின் ஐந்தாம் அங்கம், இடுகாட்டுக் காட்சி. வெட்டியான் தோண்டி எறியும் மண்டையோடுகளில் ஒன்றைப் பார்த்து, இது ஒரு வக்கீலுடையதாக இருக்கலாம், காலமெல்லாம் நிலம் வாங்கிக் குவித்தவனாக இருக்கலாம் என்று ஹாம்லெட் பேசிக்கொண்டே போவான். அவன் போட்ட ஃபைன்களுக்கெல்லாம் கிடைத்த ஃபைன் இதுதானா, அவனுடைய ஃபைனான மண்டைக்குள் ஃபைனான மண் நிறைந்து கிடப்பது? நாலு ஃபைன். ஒன்று, மேலே சொன்ன பொய் வழக்குப் பத்திரம். இன்னொன்று முடிவு. மூன்றாவது, நாகரிகமாகச் சீவி முடித்த உயர்ந்த மண்டை. நாலாவது, பொடிப் பொடியான மண். அகராதி பல பக்கத்தில் பிரித்து வைத்திருக்கும் குடும்பத்தை இரண்டு வரியில் ஒரே குழிக்குள் இறக்கிவிட்டார். அந்தக் காலத்துப் பார்வையாளர்களுக்கு நான்கும் அன்றாடப் பொருள்கள், குறிப்புரை இல்லாமலே சிரித்திருப்பார்கள். இப்போது படிக்கும் ஆங்கிலேயருக்கே அடிக்குறிப்பு வேண்டியிருக்கிறது.

இந்தப் பொருள் மயக்கம் தமிழில் ஒரு வில்லங்கத்தை உண்டாக்கியிருக்கிறது. ஃபைன் ஆர்ட்ஸுக்கு நம்மிடம் இரண்டு மொழிபெயர்ப்புகள் சுற்றுகின்றன, நுண்கலை, கவின்கலை. நுண்கலை என்று வைத்தவர் ஃபைனை நுண்ணியது என்று எடுத்துக்கொண்டார். கவின்கலை என்று வைத்தவர் அழகு என்று எடுத்துக்கொண்டார். ஆங்கிலப் பெயர் எதற்கு ஈடு என்று பார்த்தால் பிரெஞ்சில் போஸார், அழகிய கலைகள். ஆக மூலத்துக்கு நெருக்கம் கவின்கலைதான். ஒரு பிரம்மாண்டமான சிற்பத்தையோ சுவர் முழுக்கத் தீட்டிய ஓவியத்தையோ நுண்கலை என்று சொல்லும்போது எனக்கு எப்போதும் கொஞ்சம் இடறும். ஆனால் நுண் என்பது தமிழில் சிறிய என்பதோடு நிற்பதில்லை, நுண்ணறிவு, நுட்பம் என்று கூர்மைக்கும் செய்நேர்த்திக்கும் போகிறது, ஃபைன் போன திசை அது. அதனால் நுண்கலையைத் தப்பு என்று தூக்கி எறிய மனம் வரவில்லை. கேட்டால் கவின்கலை என் கட்சி, சண்டை போடும் அளவுக்கு இல்லை.

கடைசியாக, நலம் விசாரிக்கும் ஃபைன். இதற்கு மேல் உயர்வே இல்லை என்று தொடங்கிய சொல், இன்றைக்குப் புகார் ஒன்றும் இல்லை என்ற அளவுக்கு இறங்கிவிட்டது. புகழ்ச்சொற்களுக்கு எல்லாம் இந்தக் கதிதான், அடிக்கடி கைமாறித் தேய்ந்துபோகும். மேலே என்ற பொருளுள்ள லத்தீன் சூப்பரைத் தமிழில் நாம் படுத்தும் பாட்டைப் பாருங்கள், பேருந்து நேரத்துக்கு வந்தாலே சூப்பர். உணவகத்துக்கு ஃபைன் டைனிங் என்றால் இன்னும் பழைய உயரம் ஒட்டிக்கொண்டிருக்கிறது, சாப்பாடு ஃபைன் என்று வந்தவர் சொன்னால் சமையல்காரர் முகம் வாடிவிடும். கேலிக்கும் இந்தச் சொல் வசதியானது. நீ ரொம்ப ஃபைன் நண்பன் என்று ஆங்கிலத்தில் குத்துவதும், நல்ல ஆளய்யா நீ என்று நாம் குத்துவதும் ஒரே தொனி.

அப்புறம் அந்த ஒற்றைச் சொல் பதில். வாக்குவாதம் நீண்டுகொண்டே போகும், எதிர்ப்பக்கத்திலிருந்து ஃபைன் என்று மட்டும் ஒரு குறுஞ்செய்தி வரும், பின்னால் ஒரு முற்றுப்புள்ளியோடு. சொல்லின் வரலாற்றுப்படி அது நல்லது, ஆகட்டும் என்ற கிளையைச் சேர்ந்ததுதான், சந்தேகமில்லை. ஆனால் அது அங்கே செய்யும் வேலையைப் பார்த்தால் ஜான் மன்னர் காலத்து ஃபீனெம் ஃபாசெரேதான் நினைவுக்கு வருகிறது. சம்மதம் இருக்கிறதோ இல்லையோ, விவகாரத்தை இதோடு முடித்துக்கொள்கிறார்கள், அதற்கு நாம் என்ன கட்ட வேண்டும் என்பதைப் பிறகு சொல்வார்கள்.